கொலு வைக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள். ஆவணி பாதி தாண்டியதும் லிஃப்டிலும் மாடிப்படியிலும் யாராவது என்னை நிறுத்தி, "அக்கா, ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பார்கள். ஊரில் பாட்டி வைத்த பதினோரு படிக் கொலுவில் பொம்மை துடைத்து வளர்ந்தவள் நான். கல்யாணமாகிச் சென்னை வந்த பிறகு மூன்று படியில் தொடங்கி இப்போது ஏழு படி வைக்கிறேன். பல வருஷமாகக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வேறு மாதிரி சொன்னால் அதன்படியே செய்யுங்கள்.

கொலு எந்த நாளில் வைக்கணும்? காலண்டரில் பார்த்தாலே குழப்பமா இருக்கு.

மகாளய அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி தொடங்கும். பெரும்பாலும் புரட்டாசியில் வரும். அமாவாசை அன்றே நல்ல நேரம் பார்த்துப் படி கட்டி, ஒரு பொம்மையையாவது ஏற்றிவிடுவார்கள். மறுநாள் பிரதமையில் கலசம் வைத்துப் பூஜை தொடங்கும். ஒன்பதாம் நாள் சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜை. பத்தாம் நாள் விஜயதசமி.

குழப்பம் வருவது திதியால்தான். திதிக்கும் நம் 24 மணி நேர நாளுக்கும் நீளம் ஒன்றல்ல. அதனால் சில வருஷம் ஒரு திதி இரண்டு நாளில் விழும். 2025-இல் செப்டம்பர் 22 தொடங்கி அக்டோபர் 1 ஆயுத பூஜை வரை எண்ணினால் பத்து நாள் வந்தது. "ஒரு நாள் கூடுதலா, தப்பா?" என்று அந்த வருஷம் எத்தனை பேர் கேட்டார்கள்! தப்பில்லை, ஒரு சுண்டல் கூடுதல், அவ்வளவுதான். 2020-இல் இன்னொரு விசித்திரம். மகாளய அமாவாசை செப்டம்பர் 17-இலேயே வந்துவிட்டது, ஆனால் நடுவில் 'அதிக மாதம்' என்று சந்திரக் கணக்கில் கூடுதலாக வரும் மாதம் விழுந்ததால் நவராத்திரி ஒரு மாதம் தள்ளி அக்டோபர் 17-இல்தான் தொடங்கியது. ஆகவே மனக்கணக்குப் போடாமல் அந்த வருஷப் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

எங்க வீட்டில் கொலு வழக்கமே இல்லை. புதுசா ஆரம்பிக்கலாமா?

தாராளமாக. எல்லா வீட்டிலும் யாரோ ஒருத்தர் ஒரு வருஷம் புதிதாகத் தொடங்கியதுதான். புகுந்த வீட்டில் வழக்கம் இல்லையென்றால் மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பல வீடுகளில் அந்த மாமியார்தான் அடுத்த வருஷம் முதல் ஆளாகப் பெட்டியைத் திறக்கிறார்.

முதல் வருஷத்துக்கு ஒரு ஜோடி மரப்பாச்சி போதும். ஆணும் பெண்ணுமாக மரத்தில் கடைந்த பொம்மைகள், கல்யாணத்தில் பெண்ணுக்குச் சீராகக் கொடுப்பது பழைய வழக்கம். அதற்கு ரவிக்கைத் துணியில் பாவாடையும் வேட்டியும் தைத்து, கல் மணி மாலை போட்டு, ஒரு மணையில் நிற்க வைத்து விளக்கேற்றினால் அதுவும் கொலுதான்.

ஒரு வருஷம் வைத்தால் விடாமல் வைக்கணுமாமே? அந்தப் பயத்திலேயே ஆரம்பிக்கவில்லை.

வைத்தவர்கள் விடாமல் வைக்க ஆசைப்படுவார்கள் என்பது உண்மை. அதைப் பயமாக மாற்றியது நாம்தான். பிரசவம், வீடு மாற்றம், வீட்டில் நோயாளி என்று வைக்க முடியாத வருஷங்கள் எல்லாருக்கும் வரும். அப்படிப்பட்ட வருஷத்தில் பெட்டியிலிருந்து ஒரே ஒரு பொம்மையை எடுத்துச் சுவாமி அலமாரியில் வைத்துப் பூப்போட்டு விடுவோம். என் மகன் பிறந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒரு கிருஷ்ணர் மட்டும்தான் வெளியே வந்தார்.

எத்தனை படி? ஒற்றைப்படையில்தான் இருக்கணுமா?

3, 5, 7, 9, 11 என்று ஒற்றைப்படையில் வைப்பது மரபு. ஒன்பது இரவுக்கு ஒன்பது படி என்பது முழுக் கொலு. ஆனால் உங்கள் கூடத்தின் அளவை முதலில் பாருங்கள். ஒரு படி 10 அங்குல ஆழம் என்று வைத்தால் ஐந்து படிக்கு 50 அங்குலம், அதாவது நாலடிக்குக் கொஞ்சம் மேல் தரையில் இடம் போகும். அதற்கு முன்னால் கோலம், விளக்கு, வருகிறவர்கள் உட்கார ஜமக்காளம் எல்லாம் வேண்டும். சின்னக் கூடத்தில் படியை ஏழாக்கிவிட்டு வந்தவர்களை வாசலில் நிறுத்திப் பேசுவதைவிட மூன்று படி வைத்து உட்கார வைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்கும்.

கிழக்கு அல்லது மேற்குப் பார்த்து வைக்கச் சொல்வார்கள். சின்ன வீட்டில் முடிகிற பக்கம் வையுங்கள். கதவு திறந்து மூடும்போது இடிக்காத சுவராக இருக்கட்டும்.

படியை விலைக்கு வாங்கணுமா? வாடகை வீட்டில் அதை எங்கே போட்டு வைப்பது?

வாங்க வேண்டாம். டிரங்குப் பெட்டி, ஸ்டூல், கடைசல் பெஞ்சு, தடித் தடியான புத்தக அடுக்கு, அட்டைப் பெட்டி என்று வீட்டில் இருப்பதை உயரவாரியாக அடுக்கிப் பலகை போட்டால் படி தயார். அட்டைப் பெட்டி என்றால் உள்ளே பழைய செய்தித்தாளோ துணியோ திணித்து இறுக்கமாக்கிவிட்டு அடுக்குங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாள் நடுவில் அமுங்கும். மேலே வெள்ளை வேட்டியை விரித்து, மடிப்பு நகராமல் இருக்கப் பின்னால் குண்டூசி குத்துங்கள். அடுக்கி முடித்ததும் மேல் படியைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் பொம்மை ஏற்றாதீர்கள்.

சீரியல் விளக்கு ஒயரை வேட்டிக்கு அடியில் ஓட்டாதீர்கள். குத்துவிளக்கு படியிலிருந்து குறைந்தது இரண்டடி தள்ளித் தரையில் இருக்கட்டும். மின்விசிறிக் காற்றில் வேட்டியின் நுனி சுடர் பக்கம் பறக்கிறதா என்பதையும் விளக்கேற்றுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

எந்தப் படியில் எந்தப் பொம்மை?

மேல் படியில் கலசம், மரப்பாச்சி, சுவாமி பொம்மைகள். அதற்குக் கீழே தசாவதாரம், மகான்கள். நடுவில் மனிதர்கள்: கல்யாண செட், கச்சேரி செட், கிராமம். கீழே விலங்கு, பறவை, செடி கொடி. ஓரறிவு உயிரில் தொடங்கி ஆறறிவு மனிதன் வழியாகத் தெய்வம் வரை ஏறிப்போகும் வரிசை இது என்று பாட்டி சொல்லித் தந்தார். செட்டியாரும் ஆச்சியும் கீழ்ப்படியில் கடை விரித்து உட்காருவார்கள். அவர்கள் முன்னால் சின்னச் சின்னக் கிண்ணங்களில் நிஜ அரிசி, பருப்பு, மிளகு, மஞ்சள் வைக்கும் வேலையைக் குழந்தைகளிடம் விடுங்கள். ஒரு மணி நேரம் சத்தமே வராது.

கனமான பொம்மை கீழே, லேசானது மேலே என்ற கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். அடுக்கும்போது மேலிருந்து கீழே வரவேண்டும், எடுக்கும்போது கீழிருந்து மேலே போகவேண்டும். மாற்றிச் செய்தால் புடவைத் தலைப்பு ஏதாவது ஒன்றைத் தட்டிவிடும்.

பொம்மை எங்கே வாங்கலாம்? களிமண் நல்லதா, காகிதக் கூழ் நல்லதா?

சென்னையில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நவராத்திரிக்கு முன்பே நடைபாதை முழுக்கப் பொம்மை விரித்துவிடுவார்கள். கொசப்பேட்டையில் செய்கிறவர்களிடமே வாங்கலாம். பூம்புகார் விற்பனை நிலையங்களில் கொலுக் கண்காட்சி நடக்கும். மதுரைக்காரர்களுக்குத் திருப்பரங்குன்றம் பக்கத்து விளாச்சேரி, கடலூர் பக்கம் பண்ருட்டி. காஞ்சிபுரத்திலும் புதுச்சேரியிலும் பரம்பரையாகச் செய்கிற குடும்பங்கள் உண்டு. முடிந்தால் ஒருமுறையாவது செய்கிறவர்கள் இருக்கும் தெருவுக்கே போய் வாங்குங்கள். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பொம்மைக்குக் கடைசியாகக் கண் எழுதுவதைப் பார்த்த குழந்தை, அப்புறம் பொம்மையைத் தூக்கி எறியவே எறியாது.

களிமண்ணுக்குக் கனமும் அழகும் உண்டு, கீழே விழுந்தால் போச்சு. காகிதக் கூழ் லேசு, மாடிப் பரணில் ஏற்றி இறக்கச் சௌகரியம், ஆனால் ஈரமும் பூச்சியும் அதற்கு எதிரி. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மை பளபளவென்று இருக்கும், மூக்கும் விரலும் சீக்கிரம் உதிரும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு மரப் பொம்மை நல்லது. கர்நாடகத்தின் சன்னபட்டணா, ஆந்திராவின் கொண்டபள்ளி இரண்டுமே அதற்குப் பேர்போனவை. கூடவே ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டி வாங்கிக் கீழ்ப்படி ஓரத்தில் வையுங்கள். வருகிற குழந்தைகள் எல்லாம் முதலில் தொடுவது அதைத்தான்.

வருஷா வருஷம் புதுப் பொம்மை வாங்கியே ஆகணுமா?

ஒன்றாவது சேர்ப்பது வழக்கம். கையகலப் பொம்மை போதும். குழந்தை களிமண்ணில் பிடித்த பிள்ளையாரும் புதுப் பொம்மைதான். விலை கூடிய செட்டைக் கடன் சொல்லி வாங்கி வைக்கும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பார்க் கட்டுவது எப்படி? பசங்களுக்குக் காலாண்டு லீவு, வீட்டில் சும்மா இருக்காங்க.

இந்தக் கேள்விக்காகவே காத்திருப்பேன். கொலுவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் படியே அல்ல, படிக்குப் பக்கத்தில் தரையில் விரியும் பார்க்.

முதல் வேலை புல். அமாவாசைக்கு ஐந்தாறு நாள் முன்பே தொடங்க வேண்டும். அகலமான தட்டிலோ பழைய ட்ரேயிலோ பிளாஸ்டிக் தாள் விரித்து, இரண்டு அங்குலத்துக்கு மண்ணோ தென்னை நார்க் கழிவோ பரப்புங்கள். கடுகு, வெந்தயம், கேழ்வரகு மூன்றில் எது வேண்டுமானாலும் தூவலாம். கேழ்வரகு மெல்லிசாக வளர்ந்து நிஜப் புல் மாதிரியே இருக்கும். கடுகும் வெந்தயமும் இலை விரித்துத் தோட்டம் மாதிரி தெரியும். ஒரு நாள் ஈரத்துணி போட்டு மூடி, முளை தெரிந்ததும் துணியை எடுத்துவிட்டு வெளிச்சத்தில் வையுங்கள். தண்ணீரை ஊற்றக்கூடாது, கையால் தெளிக்க வேண்டும். ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலையில் போய் ஒதுங்கும். செடி வெளிச்சம் வரும் பக்கம் சாயும், தினமும் தட்டைத் திருப்பி வையுங்கள். நடு நவராத்திரியில் உயரமாகிவிட்டால் கத்தரிக்கோலால் வெட்டலாம். என் மகனுக்கு அது முடிதிருத்தும் கடை.

அப்புறம் பாதைக்கு மணல் அல்லது உமி. குளத்துக்குத் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தட்டு, அல்லது சட்டம் தெரியாமல் மண்ணில் புதைத்த கண்ணாடி. மலைக்குக் கசக்கிய காக்கித் தாள். அதன்மேல் ஒரு முருகன். இதற்குமேல் நீங்கள் கையை எடுத்துவிடுங்கள். என்ன கட்டுவது என்று குழந்தைகளே பேசி முடிவு செய்யட்டும். சில வருஷம் முன்பு எங்கள் மாடிப் பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்து எங்கள் தெருவையே கட்டினார்கள். டீக்கடை, பெட்டிக்கடை, தண்ணீர் லாரி, தீப்பெட்டியில் இஸ்திரி வண்டி, அதன் பக்கத்தில் வழக்கமாகப் படுத்திருக்கும் பழுப்பு நாய். நிஜ இஸ்திரிக்காரரைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, மறுநாள் தன் மனைவியையும் அழைத்து வந்தார்.

எந்த நாளுக்கு என்ன சுண்டல்? பட்டியல் இருக்கா?

பட்டியல் போட்டால் அதற்கும் பயம் வந்துவிடும். கொண்டைக்கடலை வெள்ளை, கறுப்பு, பட்டாணி, பாசிப்பயறு, காராமணி, மொச்சை, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, ராஜ்மா என்று எண்ணினாலே ஒன்பது வந்துவிடுகிறது. சுழற்றிச் செய்யுங்கள். வெள்ளிக்கிழமை வெல்லப் புட்டு செய்யும் வீடுகள் நிறைய. காராமணியில் ஒரு நாள் வெல்லம் போட்டுச் செய்தால் காரம் சாப்பிடாத குழந்தைகளுக்கு ஆச்சு.

ஊறவைக்க மறந்த நாள் எல்லாருக்கும் வரும். அன்றைக்குக் கடலைப்பருப்பு. ஒரு மணி நேரம் ஊறினால் போதும். குக்கரில் வைக்காமல் திறந்த பாத்திரத்தில் வேகவிட்டு, விரலால் நசுக்கினால் நசுங்கும் பதத்தில் வடித்துவிடுங்கள். ஒரு நிமிஷம் தாண்டினால் கூட்டாகிவிடும்.

முப்பது பேருக்கு எவ்வளவு போடணும்? எங்க வீட்டில் சாயங்காலத்துக்குள்ள ஊசிப்போகுது.

கொண்டைக்கடலை 1 கிலோ ஊறி வெந்ததும் இரண்டு மடங்குக்கு மேல் வரும். சின்னக் கப்பில் கொடுத்தால் 25 முதல் 30 பேர் வரை காணும். பருப்பு வகைகள் அவ்வளவு பெருகாது, கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்.

ஊசிப்போவதற்கு இரண்டு காரணம். ஒன்று, தண்ணீர் சரியாக வடியாமல் தாளிப்பது. இரண்டு, சூட்டோடு தேங்காய் போட்டு மூடி வைப்பது. புரட்டாசிப் புழுக்கத்தில் தேங்காய்தான் முதலில் கெடும். கடலையைக் காலையில் வேகவைத்து வடித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, மாலை விளக்கேற்றுவதற்கு அரை மணி முன்னால் கடுகு, மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, அடுப்பை அணைத்த பின் தேங்காயும் மாங்காயும் சேருங்கள். ஒரு பங்கைத் தேங்காய் போடாமல் எடுத்து வைத்தால் எட்டு மணிக்கு மேல் வருகிறவர்களுக்கு ஆகும்.

இந்தக் குடியிருப்புக்குப் புதுசா வந்திருக்கோம். யாரையும் தெரியாது. எப்படிக் கூப்பிடுவது?

கொலுவைப் போல நல்ல சாக்கு வேறு கிடையாது. வாட்ஸ்அப்பில் போட்டால் எல்லாரும் கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு, குழந்தை இருந்தால் பட்டுப்பாவாடை கட்டிக் கூட்டிக்கொண்டு, நேரில் போய் மணி அடியுங்கள். "மூணாவது மாடிக்குப் புதுசா வந்திருக்கோம், கொலு வெச்சிருக்கோம், அவசியம் வாங்க" என்றால் போதும். எந்த நேரத்தில் இருப்பீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

வேறு மதத்தினரை அழைக்கலாமா என்று தயங்குகிறார்கள். அழையுங்கள். விருப்பமிருப்பவர்கள் வருவார்கள். குங்குமம் வேண்டாம் என்றால் பூவும் பழமும் கொடுங்கள். எங்கள் எதிர்வீட்டு பாத்திமா அக்கா வருஷம் தவறாமல் வந்து, எந்தப் பொம்மை இடம் மாறியிருக்கிறது என்று சரியாகச் சொல்லிவிடுவார். இஸ்திரிக்காரர் வீட்டார், காவல்காரர், வீட்டுவேலைக்கு வருகிறவர் எல்லாரையும் அதே மாதிரி அழைத்து, அதே ஜமக்காளத்தில் உட்கார வைத்துத் தாம்பூலம் கொடுங்கள். இதில் மட்டும் என்னால் விட்டுக்கொடுத்துப் பேச முடியாது.

தாம்பூலத்தில் என்ன வைப்பது? ரிட்டர்ன் கிஃப்ட் செலவு தாங்கலை.

வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ, ஒரு பழம் அல்லது தேங்காய், சுண்டல். இதுவே முழுத் தாம்பூலம். ரவிக்கைத் துணியும் பிளாஸ்டிக் டப்பாவும் வீடு வீடாகச் சுற்றி, நாம் கொடுத்ததே நமக்குத் திரும்பி வருவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். எங்கள் மாடியில் நாலு வீடு பேசிவைத்து அதை நிறுத்திவிட்டோம். கொடுத்தே ஆகவேண்டும் என்று மனசு கேட்டால் கறிவேப்பிலைக் கன்றோ துளசிக் கன்றோ கொடுங்கள். பக்கத்திலேயே மழைக்காலம் வருகிறது, நட்டால் பிடித்துக்கொள்ளும்.

போனால் பாடச் சொல்றாங்க. எனக்குப் பாட வராது, அதனாலேயே போவதில்லை.

வந்தவரைப் பாடச் சொல்வது ஆசையில் கேட்பது. சினிமாவில் வந்த பக்திப் பாட்டில் நாலு வரி பாடலாம். பள்ளிக்கூடத்தில் கற்ற தேவாரத்தையோ ஆத்திசூடியையோ சொல்லலாம். கோலம் போடத் தெரிந்தால் வாசலில் ஒரு கோலம் போட்டுவிட்டு வாருங்கள், அதுவும் பாட்டுக்குச் சமம். அழைக்கிறவர்களுக்கும் ஒன்று: குழந்தை மறுத்தால் இரண்டாம் முறை கேட்காதீர்கள். அடுத்த வருஷம் தானே பாடும்.

ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். ஒன்பது நாளும் எப்படி முடியும்?

தினமும் மாலை விளக்கேற்றி, பழமோ ஒரு கிண்ணம் சுண்டலோ படைத்தால் போதும். ஆட்களை அழைப்பதை நடுவில் வரும் சனி, ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் மாடிக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டோம். அன்று அந்த மாடிக்காரர்கள் மட்டும் கதவைத் திறந்து வைப்பார்கள், மற்றவர்கள் போய்வருவார்கள். ஒரே மாலையில் எட்டு வீடு ஏறி இறங்கி, எந்த வீட்டிலும் ஐந்து நிமிஷம்கூட உட்காராமல் பையை நீட்டி வாங்கிக்கொண்டு ஓடும் அவஸ்தை அதோடு போயிற்று.

ஒன்பது நாளும் ஒன்பது நிறப் புடவை கட்டணுமாமே?

அது மும்பைப் பக்கம் பரவி இங்கே வந்த புது வழக்கம். அலுவலகத் தோழிகளோடு சேர்ந்து கட்டுவது சந்தோஷமாக இருந்தால் கட்டுங்கள். கொலுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பொம்மை கை தவறி உடைஞ்சிடுச்சு. மனசே சரியில்லை. அபசகுனமா?

இல்லை. மண் உடையும், அவ்வளவுதான். அதைவிட, உடைத்த குழந்தையின் முகத்தைப் பாருங்கள், அதைத் திட்டாமல் இருப்பது முக்கியம். கை, விரல் மாதிரிச் சின்னத் துண்டுகளை எம்-சீல் வைத்து ஒட்டி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து வர்ணம் தொட்டுவிடலாம். சேர்க்கவே முடியாமல் நொறுங்கினால் களிமண் பொம்மையைச் செடித்தொட்டி மண்ணில் சேர்த்துவிடுவேன். எங்கள் வீட்டில் ஒட்டுப்போட்ட ராமர் ஒருவர் இருக்கிறார். பாட்டி காலத்துப் பொம்மை. அந்த ஒட்டைக் காட்டித்தான் என் மாமா சின்ன வயதில் எவ்வளவு குறும்பு என்று இன்றும் கதை தொடங்கும்.

கணவர் இல்லாதவங்களைக் கூப்பிடலாமா? அம்மாவே தயங்கி உள்ளே போய் உட்கார்ந்துக்கறாங்க.

கூப்பிடுங்கள். முதல் ஆளாகக் கூப்பிடுங்கள்.

அப்பா போன மறு வருஷம் அம்மாவை ஒரு வீட்டுக் கொலுவுக்கு அழைத்துப் போனேன். எனக்குக் குங்குமமும் பூவும் கொடுத்தார்கள். அம்மாவைத் தாண்டித் தட்டு அடுத்தவரிடம் போயிற்று. வேண்டுமென்று செய்யவில்லை, பழக்கம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து புடவையை மடித்து வைத்துவிட்டு, "இனிமே நீ மட்டும் போய்ட்டு வாம்மா" என்றார். நாற்பது வருஷம் ஒன்பது படி வைத்த கை அது. அடுத்த வருஷம் எங்கள் வீட்டில் அம்மாவைக் கொலுவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்து, வருகிற எல்லாருக்கும் அவர் கையாலேயே தாம்பூலம் கொடுக்க வைத்தேன். இரண்டு பேர் தயங்கினார்கள். அப்புறம் வாங்கிக்கொண்டார்கள். இப்போது யாரும் தயங்குவதில்லை.

அவராகவே குங்குமம் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். பூ, வெற்றிலை, பழம், சுண்டல் என்று மற்ற எல்லாவற்றையும் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே தட்டில் வைத்துக் கொடுங்கள். கல்யாணமாகாதவர், விவாகரத்தானவர், குழந்தை இல்லாதவர் யாருக்கும் இதே பதில்தான். ஆண்களையும் சேர்த்தே அழையுங்கள். பார்க்குக்கு விளக்கு கட்டிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

இந்த வருஷம் வீட்டில் ஒரு இறப்பு. கொலு வைக்கலாமா?

பெரும்பாலான குடும்பங்களில் அந்த வருஷம் வைப்பதில்லை. எவ்வளவு நெருங்கிய உறவு, எத்தனை மாதம் என்பதில் வழக்கம் மாறும், உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். வைக்காவிட்டால் மேலே சொன்ன ஒற்றைப் பொம்மை இருக்கவே இருக்கிறது. ஆனால் அந்த வீட்டுக் குழந்தைகளை அக்கம்பக்கத்தார் தங்கள் வீட்டுப் பார்க் வேலைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்குச் சுண்டலையும் கொண்டுபோய்க் கொடுங்கள்.

குடியிருப்புக்கே பொதுவா ஒரு கொலு வைக்கலாமா? சண்டை வராதா?

வைக்கலாம். எங்கள் கட்டிடத்தில் கீழ்த்தளத்தில் வைத்தோம். வீட்டுக்கு ஒரு பொம்மை, அடியில் வீட்டு எண் எழுதிய சின்னச் சீட்டு. முதல் வருஷம் சண்டை வரத்தான் செய்தது, யார் சுண்டல் செய்வது என்பதில் இல்லை, யார் பாத்திரம் கழுவுவது என்பதில். இரண்டாம் வருஷம் வாழை இலைத் தொன்னைக்கு மாறினோம், தீர்ந்தது. இன்னொன்று, நவராத்திரி அக்டோபரில் தள்ளி வரும் வருஷங்களில் வடகிழக்குப் பருவமழை எட்டிப்பார்க்கும். கார் நிறுத்துமிடத்தில் படி கட்டினால் சாரல் அடிக்காத மூலையா என்று முன்பே பாருங்கள். பொம்மை கொடுத்தவர்களுக்கு ஈரமான பொம்மையைத் திருப்பிக் கொடுப்பது சங்கடம்.

ஒன்பதாம் நாள் குடியிருப்புப் பிள்ளைகள் எல்லாரும் புத்தகத்தைக் கொண்டுவந்து அங்கே அடுக்கிவிடுவார்கள். விஜயதசமி காலை எடுத்து ஒரு பக்கம் படிக்க வேண்டும். தண்ணீர் மோட்டாருக்கும் லிஃப்டுக்கும் பொட்டு வைப்பதைக் காவல்காரர் அண்ணா கையால் செய்யச் சொல்லுவோம்.

நாங்க டொராண்டோவில் இருக்கோம். இங்கே எப்படி வைப்பது?

புத்தக அலமாரித் தட்டுகளே படி. பொம்மைக்குக் காகிதக் கூழும் மரமும் நல்லது என்று மேலே சொன்னேன், விமானத்துக்கும் அதுவே பொருந்தும். துணியில் சுற்றிக் கைப்பெட்டியில் வையுங்கள். மரப்பாச்சி வாங்கும்போது மட்டும் ஒரு கவனம்: பழைய முறையில் அது செம்மரத்தில் செய்வது. செம்மரத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது. வேறு மரத்தில் கடைந்ததாகக் கேட்டு வாங்குங்கள்.

அங்கே அக்டோபரில் மேப்பிள் இலை சிவந்து உதிரும் நேரம். குழந்தைகளை அனுப்பிப் பொறுக்கச் சொல்லி, பார்க்கில் மரமாக நடுங்கள். என் சித்தி மகள் அனுப்பிய படத்தில் செட்டியார் சிவப்பு இலைக் குவியலுக்கு நடுவில் கடை போட்டிருந்தார். கும்பகோணத்துச் செட்டியாருக்கு அந்த ஊர் நன்றாகவே பொருந்தியிருந்தது.

எப்போ எடுக்கணும்? எப்படிப் பத்திரமா எடுத்து வைப்பது?

விஜயதசமி இரவு ஆரத்தி எடுத்து, தாலாட்டுப் பாடி, ஒரு பொம்மையைப் படுக்க வைப்போம். மறுநாள் எடுத்து வைக்கலாம். அது செவ்வாயாகவோ வெள்ளியாகவோ இருந்தால் அதற்கும் அடுத்த நாள் எடுக்கும் வீடுகள் நிறைய.

ஈரத்துணியால் துடைக்காதீர்கள், வர்ணம் கையோடு வரும். உலர்ந்த வர்ணப் பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். பழைய பருத்தி வேட்டி, புடவைத் துண்டில் சுற்றி, அதற்கு மேல் செய்தித்தாள். நேரடியாகச் செய்தித்தாளில் சுற்றினால் மை ஒட்டும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் அடைமழை மாதங்களில் உள்ளேயே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். செட் பொம்மைகளைப் பிரிக்காமல் ஒரே பெட்டியில் போடுங்கள். கல்யாண செட்டில் நாதஸ்வரக்காரரைத் தேடி ஒரு முழுப் பகல் போன அனுபவம் எனக்குண்டு. பெட்டியை மூடுவதற்கு முன் கொலுவைப் படம் எடுத்து, அச்சிட்டு, உள்ளே மேலாக வைத்துவிடுங்கள். பெட்டியின் வெளிப்பக்கம் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். குழந்தைகள் எழுதட்டும். எங்கள் பெட்டி ஒன்றின் மேல் என் மகன் ஆறு வயதில் எழுதிய "யானை, குரங்கு, பாட்டியோட ராமர் (மெதுவா எடு)" இன்னும் அழியாமல் இருக்கிறது.